தரையில் வைக்காத சீர்

வேலாயுதபுரம் கீழத்தெருவில் இருபத்தொரு பெண்கள் பதினெட்டு நாள் கையில் சீர்த்தட்டை ஏந்தியபடியே திரிந்தார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டு, 'அப்ப எப்படிச் சாப்பிட்டாங்க' என்றுதான் அடுத்த வார்த்தை கேட்பார்கள், ஏனென்றால் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருக்கிற அந்தக் கரிசல் ஊர்களில் எந்த அதிசயத்துக்கும் முதலில் வருகிற கவலை சோறுதான். சொல்கிறேன். சோறு, சேலை, தலைவாருவது, ரேஷன் கடை எல்லாம் வரும். அதற்கு முன்னால் தங்கபுஷ்பத்தின் கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைக் கிளியாக மடிக்கும், பந்தியில் உட்கார்ந்தால் இலை நுனியைக் கிழித்துத் தாமரை செய்யும், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதுகூட முந்தானை நூலை உருவி ஒரு பூவைக் கட்டிவிட்டு அப்புறம்தான் வெட்கப்படும். வளைகாப்புக்குத் தட்டு, சடங்குக்குத் தட்டு, பால்காய்ச்சுக்கு வாசல் தோரணம், பிறந்தநாளுக்குத் தெர்மாகோல் எழுத்து, வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்ப ரிப்பன் வைத்த தாம்பூலப்பை என்று ஊரில் எந்த விசேஷமும் அவள் வீட்டு முன்னறையில், குந்தன் கல்லும் சமிக்கியும் பசைத் துப்பாக்கியும் கிடக்கிற பாயில்தான் தொடங்கும். அவள் புருஷன் சுடலைமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். 'ஒன் கைய கொஞ்ச நேரம் கழட்டி ஆணியில மாட்டேன்' என்று அவன் கேலி பேசாத நாள் கிடையாது. அவன் வாய் முகூர்த்தம் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக் கோமதியின் ஒரே மகள் பேச்சிக்குக் கல்யாணம் கூடி வந்தபோது, தங்கபுஷ்பம் இருபது நாள் உட்கார்ந்து இருபத்தொரு தட்டு செய்தாள். முதல் தட்டில் மஞ்சள் குங்குமம், அப்புறம் பழம், லட்டு, கற்கண்டு, வளையல், பட்டு, மாப்பிள்ளை வேட்டியை மடித்துச் செய்த மயில், கடைசித் தட்டில் கண்ணும் மூக்கும் வரைந்து சரிகை உடுத்திய இரண்டு தேங்காய், ஒன்று பெண், ஒன்று மாப்பிள்ளை. அந்தப் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் பெண் வீட்டார் சீர் கொண்டுபோய்ப் பையன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அந்த வீட்டுப் பெண்கள் ஆரத்தி சுற்றி, ஒவ்வொரு தட்டையும் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோக வேண்டும். தட்டு செய்தவள் தட்டு தூக்குவதில்லை. ஆனால் புறப்படுகிற நேரத்தில் ஒருத்திக்கு வாந்தி வந்து ஆள் குறைந்து, இரட்டைப்படையில் சீர் போகக் கூடாதே என்று, தங்கபுஷ்பமே தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

பையன் வீட்டு கேட் பூட்டிக் கிடந்தது. பேச்சி சங்கரன்கோவிலில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள் என்றுதான் பேச்சு, அந்தப் பேச்சு முந்தின நாள் சாயங்காலம் போனில் மாறிப் போயிருந்தது, சீரோடு வாசலில் போய் நின்றால் சரியாகிவிடும் என்று கோமதி நம்பியிருந்தாள். பையனின் அம்மா சண்முகத்தாய் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "வேலைய விட்டுட்டேன்னு ஒங்க மக ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே கேட்டைத் திறக்கேன்" என்றாள். பையன் மாடியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சி போனில் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஒன்பது மணி வெயில் பத்து மணி வெயிலாகி, பதினொரு மணி வெயிலாகி, பீடி சுற்றுகிற பூரணத்துக்குத் தோள் விட்டுப்போய், "மைனி, கொஞ்சம் எறக்கி வச்சிக்கிடட்டா" என்று கெஞ்சினாள்.

"சீரைத் தரையில வைக்கப்பிடாது" என்றாள் தங்கபுஷ்பம், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "வாங்குத கை வாங்குத வரைக்கும் யாரும் கீழ வைக்காதிய."

பாதி அது வழக்கம். மீதிப் பாதி, உள்ளதைச் சொன்னால், அந்த வேட்டி மயில். மூன்று நாள் மடித்த மயில் புழுதியில் உட்காருவதை அவளால் பார்க்க முடியாது. அவள் அப்படிச் சொன்ன மறு நொடி இருபத்தொரு பேருக்கும் கைவலி போய்விட்டது, தட்டுகள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டன, அப்பாடா என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். கேட் திறக்கவே இல்லை. வேன் திரும்பியது.

கோமதி வீட்டில் பாய் விரித்துத் தட்டுகளை இறக்கப் போனபோது தரைக்கு ஒரு சாண் மேலே எல்லாத் தட்டும் நின்றுகொண்டன, விரல்களும் விட மறுத்தன. பூரணம் அழுத்திப் பார்த்தாள், தட்டு அசையவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. கோமதி தன் மஞ்சள் குங்குமத் தட்டை ஒரு பார்வை, மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல எல்லாரும் மோர் குடிங்க" என்றாள், குடிக்கக் கை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்குப் பேச்சி இருபத்தொரு பேருக்கும் டம்ளரைத் தூக்கித் தூக்கி மோர் புகட்டினாள், ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

முதல் மூன்று நாள் வைத்தியம். தேங்காய் எண்ணெய் தடவினார்கள், சோப்பு நுரை விட்டார்கள், வெந்நீரில் ஊற வைத்தார்கள். பெயிண்ட் கடைக்காரர் தங்கபுஷ்பத்தின் பசைத் துப்பாக்கியை முகர்ந்து பார்த்து இது சாதாரணப் பசைதான் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு டாக்டர் விரல் விரலாகத் தட்டிப் பார்த்துவிட்டு, வலி இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தட்டில் இருந்த பழம் அழுகவில்லை, லட்டில் எறும்பு ஏறவில்லை, மல்லிகை மொட்டு விரியாமல் அப்படியே இருந்தது, எதையும் எடுத்துத் தின்னவும் முடியவில்லை, லட்டைச் சின்னப் பிள்ளைகள் நக்கிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

நாலாம் நாளில் ஊர் பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்யும், பொழுது விடிந்தால் பால் காய்ச்ச வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். ஆகவே ஆண்கள் அடுப்படிக்குப் போனார்கள், புளி எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குழம்பு வைத்தார்கள், பிசைந்து உருட்டி ஊட்டினார்கள், ஊட்டும்போது தங்கள் வாயும் திறப்பதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். பூரணத்தின் புருஷன் பீடி சுற்றினான், ஒவ்வொன்றும் வெண்டைக்காய் கனத்தில் வந்தது. சுடலைமுத்து சேலை மடிப்பு வைக்கப் படித்துக்கொண்டான், பின்னல் போடப் படித்துக்கொண்டான், எட்டாம் நாளில் எதிர்ச்சாரி ஆண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். பழத்தட்டு வைத்திருந்த சுந்தரியின் ஆறுமாதப் பிள்ளையை மாமியார் தூக்கிவந்து அவள் மடியில் கிடத்திவிடுவாள், அது தட்டின் நிழலில் பால் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிவிடும். பெண்கள் ஒருக்களித்துப் படுத்தார்கள், தட்டு பக்கத்தில் காற்றில் நின்றது. ரேஷன் கடையில் கட்டைவிரல் வைக்க முடியாததால் விற்பனையாளர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டுக்கு அடியில் பிடித்து, "ஏதாவது ஒரு வெரலு வைங்கம்மா" என்று குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்து போனார். டவுன் பஸ் கண்டக்டர் தங்கபுஷ்பத்தின் டிக்கெட்டைப் பெண் தேங்காயின் குடுமியில் செருகிவிட்டுப் போவார்.

அப்புறம் அது ஒரு ராசியாகவும் ஆகிப்போனது. பால்காய்ச்சுக்கும் காதுகுத்துக்கும் வாசலில் வந்து நிற்கச் சொல்லி அழைப்பு வந்தது, தயாராகத் தட்டேந்திய சுமங்கலிகள் வேறு எந்த ஊரில் கிடைப்பார்கள், போய் நின்றார்கள், போட்டோவில் விழுந்தார்கள். போன வீடுகளிலெல்லாம் யாராவது கை நீட்டி வாங்கிப் பார்த்தார்கள். ஒரு தட்டும் இளகவில்லை. குறித்திருந்த முகூர்த்த நாள் வந்தது, போனது.

மற்றவர்களுக்குப் பழகியது தங்கபுஷ்பத்துக்குப் பழகவில்லை. அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நிற்பாள், நடப்பாள், வாசலுக்குப் போவாள், திரும்பி வருவாள், தட்டுக்கு அடியில் எட்டு விரலும் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டும் இல்லாத இதழை மடித்துக்கொண்டும் கிடக்கும், முன்னறைப் பாயில் பாதியில் நின்ற தோரணம் ஒன்று அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் அவள் பூக்கட்டுகிறாள் என்று சுடலைமுத்துவுக்குத் தெரியும், கட்டை விரல் துடிப்பதை வைத்துச் சொல்லிவிடுவான். இதில் அவளை அதிகம் குடைந்தது கையரிப்பு அல்ல. கீழ வைக்காதிய என்று சொன்னது தான்தானே என்கிற நினைப்பு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாருக்கும் அது தெரியும்.

பதினோராம் நாள் சண்முகத்தாய் காரில் வந்து இறங்கினாள். ஊரெல்லாம் தன் பேர் கெட்டுப்போன எரிச்சல் அவளுக்கு. நடுத்தெருவில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்த பூரணத்தின் தட்டுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தாள், கொடுத்ததும் பூரணத்தின் சுண்டுவிரல் இரண்டும் மெல்லக் கழன்று நீட்டிக்கொண்டு நின்றன. சண்முகத்தாய் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியளா. என் கையாலதான் ஆகும்" என்றாள். "அடுத்த வாரம் இன்னொரு முகூர்த்தம் இருக்கு. பேச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும், இருபத்தோரு தட்டையும் இங்கனயே வாங்கிக்கிடுதேன்."

கார் போய்விட்டது. பூரணம் கழன்ற சுண்டுவிரலால் மூக்கைச் சொறிந்துகொண்டாள், பதினோரு நாளாக ஏங்கிய சொறிதல், அதைப் பார்த்த இருபது பேருக்கும் வந்த பொறாமையைச் சொல்லி முடியாது.

அதற்கப்புறம் யாரும் பேச்சியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் திருப்பிப் பேசியிருப்பாள். காலையில் அவள் ஸ்கூட்டியை எடுக்கும்போது தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள் தட்டோடு வாசலில் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் திரும்பும்போதும் நிற்பார்கள். ராத்திரிச் சோற்றை அவள் ஊட்டும்போது கோமதி வாயைத் திறப்பதற்கு முன்னால் தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லுவாள்: "இருபத்தோரு பேரு கையி தாயி." பேச்சி அடுத்த உருண்டையைப் பிடிப்பாள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம், கோமதி ஒரு பால்காய்ச்சு வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தங்கபுஷ்பம் தேங்காய்த் தட்டோடு எதிர்வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, லேப் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு என்று கேட்டுவிடத்தான் போனாள்.

"சாப்பிட்டீங்களா அத்தை?" என்றாள் பேச்சி.

"அவரு லோடு ஏத்தப் போயிட்டாரு."

பேச்சி தயிர்ச்சோறு பிசைந்து எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். மூன்று வாய் ஊட்டினாள். நாலாவது வாயைத் தங்கபுஷ்பம் வாங்கவில்லை.

"எனக்கு என் கையி வேணும் தாயி" என்றாள், சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்க வழியில்லை. "வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. படிப்பு இல்ல, பிள்ளை இல்ல. இந்தக் கையி இருக்குன்னுதான் நான் மனுஷின்னு திரிஞ்சேன்."

பேச்சி தன் துப்பட்டா நுனியால் அவள் கண்ணைத் துடைத்தாள். சோற்றை இன்னும் கொஞ்சம் பிசைந்தாள்.

"லேப்புக்கு வார சின்னப் பிள்ளைங்க வாசல்லயே அழுதுட்டு வரும் அத்தை. நான் ஊசி போட்டா மட்டும் அழாது. எங்க குத்தணும்னு என் வெரலுக்குத் தெரியும், தொட்டதுமே தெரிஞ்சிரும். பெரிய பெரிய ஆளுங்ககூடப் பேச்சிய கூப்பிடுன்னுதான் கேட்டு உக்காந்திருப்பாங்க." அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் சரின்னு சொன்னா ஒங்க கையி வந்துரும். என் கையி போயிரும். அதத்தான் யாருகிட்ட சொல்லன்னு தெரியல."

தங்கபுஷ்பத்துக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. தன் கையைத் தவிர இந்த விஷயத்தில் இன்னொரு கை இருக்கிறது என்று பதினைந்து நாளாக அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"கீழ வைக்காதியன்னு நாந்தாம்ட்டி சொன்னேன்" என்றாள். "தெரியுமா?"

"தெரியும். பூரணம் அத்தை சொன்னாவ." பேச்சி லேசாகச் சிரித்தாள். "அந்த மயிலுக்காகச் சொல்லியிருப்பீங்க."

"பின்னே. மூணு நாளு மடிச்சேன்." தங்கபுஷ்பத்துக்கும் சிரிப்பு வந்தது. நாலாவது வாயை வாங்கிக்கொண்டாள்.

"சரி அத்தை, இந்தச் சீரு யாருக்கு?"

"என்னட்டி கேக்க? பெறந்த வீட்டுலருந்து பொண்ணு வாழப்போற வீட்டுக்கு. ஒங்க அம்மைக்கும் எனக்கும் எல்லாருக்கும் அப்படித்தான் வந்துச்சு."

"மாப்பிள்ளைக்கு இல்லையா?"

"அவனுக்கு என்ன, ஒரு வேட்டி. மிச்சம் இருபது தட்டும் நீ குடியிருக்கப்போற வீட்டுக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டே வந்த தங்கபுஷ்பம் நிறுத்தினாள். பேச்சியின் கையில் அஞ்சாவது உருண்டை பாதி வழியில் நின்றது. இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி இருந்தார்கள், பெண் தேங்காயும் மாப்பிள்ளைத் தேங்காயும் நடுவில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பேச்சி லேப்புக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கு மேலே, ஒரு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள மாடி வீட்டைப் பேசி முடித்தாள். கீழத்தெரு அதிர்ந்தது என்னவோ அதற்குத்தான். தட்டு அந்தரத்தில் நின்றதை மூன்று நாளில் பழகிக்கொண்ட தெருவுக்கு, கல்யாணம் ஆகாத பெண் தனியாக வீடு பிடிக்கிறாள் என்பது தொண்டையில் இறங்கவில்லை. கூடிக் கூடிப் பேசினார்கள். சுடலைமுத்து மட்டும், "அவ வீடு பிடிக்கட்டும், நான் எம்பொண்டாட்டிக்குத் தலை பின்னுதேன், எது பெரிய அதிசயம்" என்று கேட்டான். கோமதி இரண்டு நாள் சாப்பிடவில்லை. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். கடைசியில் பூரணம்தான் சுண்டுவிரலை ஆட்டிக்கொண்டு வந்து, "மைனி, போயித்தான் பாப்பமே, வாங்கலைன்னா திரும்பி வந்துருவோம், திரும்பி வாரது நமக்குப் புதுசா" என்றாள்.

பதினெட்டாம் நாள் காலை இருபத்தொரு தட்டும் டவுன் பஸ்ஸில் ஏறின. கண்டக்டர் முன்சீட்டுகளைக் காலி செய்துகொடுத்தார். தையல் கடைப் படிக்கட்டு குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடிந்தது, கீழே மிஷின்கள் ஓடுவது நின்றுபோனது. மேலே கதவு அகலத் திறந்திருந்தது. ஆரத்தி எடுக்க அந்த வீட்டில் வேறு பெண் கிடையாது, ஆகவே பேச்சியே ஆரத்தியைக் கரைத்து, தானே சுற்றி, தானே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வாங்க" என்றாள் பேச்சி.

முதலில் நின்றவள் பூரணம். பேச்சி இரண்டு கையையும் தட்டுக்கு அடியில் கொடுத்தாள். சுண்டுவிரல் ஏற்கெனவே வெளியில்தான் இருந்தது, அடுத்து மோதிரவிரல், நடுவிரல், ஆட்காட்டி, கடைசியாகக் கட்டைவிரல், தட்டுக்குத் திடீரென்று கனம் வந்து பேச்சியின் கை ஒரு சாண் தணிந்தது. அவள் அதை உள்ளே கொண்டுபோய்த் தரையில் வைத்தாள். தட்டு தரையில் உட்கார்ந்தது. பூரணம் தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே படியிறங்கி, கீழே போனதும் ஓவென்று அழுதாள். சுந்தரி கை விடுபட்டதும் மாமியார் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பறித்து முகர்ந்தாள். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக, வளையல் தட்டும் கற்கண்டுத் தட்டும் பட்டுத் தட்டும் வேட்டி மயிலும் உள்ளே போயின. தங்கபுஷ்பத்தின் தேங்காய்த் தட்டு போனது. விரல்கள் குளிர்ந்தன, அவள் அவற்றை மடக்கினாள், நீட்டினாள், மடக்கினாள்.

கடைசியாகக் கோமதி. பேச்சி கை கொடுத்தாள். தட்டு வரவில்லை. மறுபடி கொடுத்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

பேச்சியின் முகம் வெளிறிவிட்டது. தங்கபுஷ்பம் மட்டும் குனிந்து கோமதியின் விரல்களைப் பார்த்தாள், பதினெட்டு நாளாகப் பார்த்துப் பார்த்துத் தட்டு தானாகப் பிடித்து வைத்திருக்கிற விரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தளர்ந்து, லேசாக, நடுவில் காற்றுப் போக இருக்கும். இந்த விரல்கள் நகம் வெளுத்துப்போய் விளிம்பை நெரித்துக்கொண்டிருந்தன.

"மைனி" என்றாள் மெதுவாக. "தட்டு ஒங்கள எப்பமோ விட்டுட்டுது. நீங்கதான் பிடிச்சிருக்கீங்க."

கோமதி மகளைப் பார்த்தாள். "இவள ஒத்தையில விட்டுட்டு எப்படிப் போவேன்?" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றாள் பேச்சி.

தங்கபுஷ்பம் தன் புதுக் கையைக் கோமதியின் கைமேல் வைத்தாள். காய்ந்த பசையிலிருந்து ரிப்பனைக் கிழியாமல் பிரிப்பது போல ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள், அவசரப்படாமல், பத்து விரலையும். மஞ்சள் குங்குமம் மகள் கைக்குப் போனது. கோமதி வெறும் கையோடு உள்ளே போய் அடுப்பையும் ஜன்னல் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் ஒருதரம் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசல் நிலை மொட்டையாக இருந்தது. தங்கபுஷ்பத்தின் கைக்கு அது பொறுக்குமா. வளையல் தட்டிலிருந்து ரிப்பனையும் பட்டுத் தட்டிலிருந்து ஜரிகையையும் உருவி, நின்ற நிலையில், கத்தரிக்கோல்கூட இல்லாமல் பல்லால் கடித்துக் கடித்து ஒரு தோரணம் கட்டி நிலையில் மாட்டினாள், மாட்டிவிட்டு ஒரு அடி தள்ளி நின்று பார்த்து, இடது ஓரத்தைச் சரி செய்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்குப் பசித்தது.

"போயிட்டு வாங்க" என்றாள் பேச்சி. கதவைச் சாத்தினாள்.

கோமதி கீழே வரை இறங்கவில்லை. மூன்றாவது படியில், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பின்னால் தங்கபுஷ்பமும், கீழே ஏழெட்டுப் பேரும் அவளுக்காக நின்றார்கள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நல்ல கெட்டியான இரும்புத் தாழ்ப்பாள், ஒரே தள்ளில் முழுசாக விழுந்தது.

"நல்லா விழுது" என்றாள் கோமதி. அப்புறம் இறங்கினாள்.